நலம் நாடுவோம்: குடல் நோயும் சிகரெட்டும்

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இதுதான்: கணவருக்கு வயது 36. பத்தாண்டுகள் வளைகுடாவில் வேலை பார்த்தவர். தீராத வயிற்றுவலி, பேதி, எடைக் குறைவு என்று அலைந்து, முதலில் குடல் காசநோய் என்று ஆறு மாதம் மருந்து உண்டு, பிறகு அது குரோன் நோய் என்று கண்டறியப்பட்டது. சென்ற ஆண்டு அறுவை செய்து சிறுகுடலின் கடைப்பகுதியை அகற்றிவிட்டார்கள். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட் பிடிப்பவர். அறுவைக்குப் பின் இரண்டு மாதம் நிறுத்தியிருந்தார். பிறகு பழையபடி தொடங்கிவிட்டார். இப்போது மீண்டும் வலி.

"மருத்துவர் சிகரெட்டை விடச் சொல்கிறார். வெளிநாட்டிலிருக்கும் மச்சானோ, குடல் நோய்க்குச் சிகரெட் நல்லது என்று வெள்ளைக்கார டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள் என்கிறார். மாமி, நோயாளிப் பிள்ளையை வற்புறுத்தாதே, அந்த ஒன்றில்தான் அவனுக்கு நிம்மதி என்கிறார்கள். எது உண்மை? நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார் சகோதரி. நோன்பைப் பற்றியும் தொழுகையைப் பற்றியும் அவருக்குச் சில ஐயங்கள் உண்டு. கடிதத்தின் இறுதியில், கணவர் மறுபடியும் சபர் போக விரும்புவதாகவும் குறிப்பிட்டிருக்கிறார்.

இப்பகுதிக்கு வரும் கடிதங்களுக்குப் பெரும்பாலும் பத்து வரிகளில் பதில் எழுதிவிடுவது வழக்கம். இக்கடிதத்துக்கு அது போதாது. இளைஞர் ஒருவரின் எஞ்சிய குடல் இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் நோயைப் பற்றி. 1932ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர், சிறுகுடலின் கடைப்பகுதி தடித்துப் புண்ணாகிச் சுருங்கும் ஒரு நோயை விவரித்துக் கட்டுரை வெளியிட்டனர். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1913இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் டால்ஸியல் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார். எனினும் குரோனின் பெயரே நிலைத்துவிட்டது. நமது உடலின் காவற்படை, தன் சொந்தக் குடலையே பகையென்று எண்ணித் தாக்குவது போன்ற நிலை இது. வாயிலிருந்து ஆசனவாய் வரை உணவுப்பாதையின் எப்பகுதியிலும் வரலாம். சிறுகுடல் பெருங்குடலைச் சேரும் இடத்திலேயே மிகுதியாக வருகிறது. புண் குடற்சுவரின் மேற்பரப்போடு நில்லாது, சுவரின் முழு ஆழத்துக்கும் ஊடுருவும். எனவேதான் சிலருக்குக் குடல் சுருங்கி அடைப்பு உண்டாகிறது. சிலருக்குக் குடலைத் துளைத்துப் பக்கத்து உறுப்புக்கோ தோலுக்கோ பாதை ஏற்படுகிறது. சிலருக்கு ஆசனவாயருகே ஆறாத பவுத்திரம் உண்டாகிறது. இது தொற்றுநோயன்று. ஒரே தட்டில் உண்பதாலோ ஒரே படுக்கையில் உறங்குவதாலோ பரவாது. இதைச் சொல்லக் காரணம், இந்நோயாளிக்குத் தனித்தட்டு வைக்கும் வீடுகளும் இருக்கின்றன.

சகோதரியின் கணவருக்கு முதலில் காசநோய் மருந்து கொடுத்ததைத் தவறென்று எண்ணி வருந்த வேண்டியதில்லை. நம் நாட்டில் குடல் காசநோய் மிகுதி. அதுவும் குரோன் நோயும் அதே இடத்தில், அதே தோற்றத்தில் வருவதால், சதைத் துணுக்கைச் சோதித்தும் பிரித்தறிய முடியாதபோது காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது இந்தியாவில் நெடுங்காலமாக உள்ள வழக்கமே.

குரோன் நோயை வேரோடு நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் பல உண்டு. அறுவையும் நோயை நீக்குவதில்லை. கெட்டுப்போன பகுதியைத்தான் நீக்குகிறது. இணைத்துத் தைத்த இடத்திலேயே நோய் மறுபடி முளைப்பதுதான் இதன் இயல்பு. பெல்ஜிய நாட்டு மருத்துவர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அறுவை செய்துகொண்டவர்களில் நான்கில் மூவருக்கு ஏறக்குறைய ஓராண்டுக்குள், வலி எதுவும் தோன்றுமுன்பே, தைத்த இடத்தருகில் புதிய புண்கள் காணப்பட்டன. ஆகவே ஒருமுறை அறுத்தாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்பது இந்நோயில் செல்லாது. ஒவ்வோர் அறுவையிலும் சில சாண் குடல் போகும். மூன்று நான்கு முறை அறுத்தால், உண்ட உணவின் சத்தை உறிஞ்சப் போதிய குடலே மிஞ்சாமற்போகும் அபாயமுண்டு. சிகரெட்டைப் பற்றிய பேச்சு இங்கேதான் முக்கியத்துவம் பெறுகிறது.

மச்சான் சொன்னதற்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை; பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். குடலில் நீண்டகால அழற்சியை உண்டாக்கும் நோய்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று குரோன் நோய். மற்றொன்று பெருங்குடலின் உட்சுவரில் மட்டும் புண் உண்டாக்கி இரத்தபேதியை ஏற்படுத்தும் பெருங்குடற்புண் நோய். 1982இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள கார்டிஃப் நகர மருத்துவர்கள், இந்த இரண்டாவது நோய் உள்ளவர்களில் சிகரெட் பிடிப்பவர்கள் வியக்கத்தக்க அளவு குறைவாக இருப்பதைக் கண்டு எழுதினார்கள். பின்னர் 1994இல் நிக்கோட்டின் பட்டைகளை அந்நோயாளிகளுக்கு ஒட்டிச் சோதித்துப் பார்த்து, சிலருக்குக் குணம் தெரிந்ததாகவும் வெளியிட்டார்கள். ஆனால் அது நிலையான சிகிச்சையாக வளரவில்லை. இச்செய்திதான் வாய்க்கு வாய் மாறி, "குடல் நோய்க்குச் சிகரெட் நல்லது" என்று மச்சானின் காதை எட்டியிருக்கிறது.

அதே பிரிட்டனில், 1984இல் நாட்டிங்ஹாம் நகரிலிருந்து வெளியான ஆய்வு குரோன் நோயைப் பற்றி இதற்கு நேர்மாறானதைச் சொன்னது: அந்நோயாளிகளில் சிகரெட் பிடிப்பவர்களே மிகுதி. இவ்விரு நோய்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும், புகை விஷயத்தில் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. இது ஏன் என்பது இன்னும் முழுமையாக விளங்கவில்லை. குடற்சுவரின் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் புகை பாதிப்பதும், குடலில் வாழும் நுண்ணுயிர்களின் கூட்டமைப்பு மாறுவதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆசிய நாட்டவரிடம் இந்நோயைத் தோற்றுவிப்பதில் சிகரெட்டின் பங்கு மேலைநாடுகளில் போல் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. எனவே "நீங்கள் சிகரெட் பிடித்ததால்தான் இந்நோய் வந்தது" என்று சகோதரி கணவரைக் குற்றஞ்சாட்ட இடமில்லை. வந்துவிட்ட நோயின் போக்கைப் பற்றியதே நம் பேச்சு. அறுவைக்குப் பின்னும் புகைப்பவர்களுக்குப் பத்தாண்டுகளுக்குள் மற்றோர் அறுவை தேவைப்படும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2008இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

மருந்து மட்டும் போதாதா என்று கேட்கலாம். பாரிஸ் நகரில் மருத்துவர் கோன் என்பாரும் அவர் குழுவினரும் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வு இக்கேள்விக்கு விடை தருகிறது. புகைக்கும் குரோன் நோயாளிகள் 474 பேரிடம் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லிப் புகையை விடச் செய்ய முயன்றார்கள். ஓராண்டுக்கு மேல் விட்டிருந்தவர்கள் 59 பேர். அந்த 59 பேருக்கு நோய் மீண்டும் சீறும் வாய்ப்பு, வாழ்நாளில் புகைத்தே இராதவர்களுடைய அளவுக்கு இறங்கிவிட்டது. தொடர்ந்து புகைத்தவர்களுக்கோ அது உயர்ந்தே நின்றது. விலையுயர்ந்த ஊசி மருந்து ஒன்று இப்பலனைத் தந்திருந்தால் உலகமே அதைக் கொண்டாடியிருக்கும். இந்த மருந்துக்கு விலை இல்லை. மாறாகத் தினமும் சிகரெட்டுக்குப் போகும் பணம் மிச்சம்.

ஆனால் அந்த 59 என்ற எண்ணை மறுபடி பாருங்கள். நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தாம். தம் குடலே பணயம் என்று தெரிந்தும், நல்ல மருத்துவர்கள் பலமுறை சொல்லியும், எண்பத்தெட்டுப் பேரால் விட முடியவில்லை. சகோதரியின் கணவர் இரண்டு மாதம் விட்டிருந்தார் என்பதைத் தோல்வியாகக் கருதாமல், அந்த எண்பத்தெட்டுப் பேரில் பலரால் இயலாத ஒன்றைச் செய்திருக்கிறார் என்று கருதுவதே நியாயம். இரண்டாம் முறையோ நான்காம் முறையோ விட்டவர்கள்தாம் உலகில் அதிகம்.

ஒரே ஆணையில் விட்டவர்களும் இல்லாமலில்லை. அமெரிக்க அதிபராயிருந்த ஐசன்ஹோவர் படைத்தலைவராக இருந்த காலத்தில் நாளொன்றுக்கு நான்கு பாக்கெட் வரை சிகரெட் ஊதியவர். 1949இல் மருத்துவர் சொல்ல, ஒரேயடியாக நிறுத்திவிட்டார். தமக்குத் தாமே ஆணையிட்டுக்கொண்டதாக அதைப் பற்றிச் சொல்வாராம். நெடுநாள் வயிற்று உபாதையுடன் வாழ்ந்த அவருக்கு 1956 மே மாதம் குரோன் நோய் இருப்பது தெரிந்தது. ஜூன் 9ஆம் நாள் குடலடைப்புக்காக அவசர அறுவை செய்தார்கள். அதற்கு ஒன்பது மாதம் முன்புதான் மாரடைப்பும் வந்திருந்தது. இவ்வளவுக்கும் பிறகு அதே ஆண்டு நவம்பரில் தேர்தலில் நின்று வென்று, இன்னும் நான்காண்டுகள் அதிபராக இருந்தார். 1957 ஜூன் 28 அன்று வாஷிங்டன் இஸ்லாமிய மையத்தின் திறப்பு விழாவில் உரையாற்றிய ஐசன்ஹோவரும் இவரேதாம். அறுவை நடந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஏழாண்டுக்கு முன்பே புகையை விட்டதுதான் அவரைக் காப்பாற்றியது என்று ஒரு மனிதரை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் குரோன் நோய் வந்தவரின் வாழ்வு முடிந்துவிட்டது என்று அழுகின்ற குடும்பங்களுக்கு இவர் கதையைச் சொல்லலாம். படைத்தலைவரல்லாத நம்மவர்க்கு ஆணை மட்டும் போதாது; உதவியும் வேண்டும்.

"குறைத்துக்கொண்டேன், இப்போது நாலைந்துதான்" என்று பலர் சொல்வதுண்டு. இதய நோயாளியும் இதைச் சொல்வார், குடல் நோயாளியும் சொல்வார். பாரிஸிலிருந்தே 2009இல் வெளியான மற்றோர் ஆய்வு, நாளுக்குப் பத்துக்குட்பட்டுப் புகைக்கும் குரோன் நோயாளிகளுக்கும் கேடு உண்டு, முழுமையாக விடுவதே வழி என்று கூறுகிறது. சிகரெட்டுக்குப் பதில் பீடி என்பதும் வேண்டாம். பீடி தானாக எரியாது. அணையாமலிருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் நச்சு அதிகமாகவே உள்ளே போகிறது. மேலப்பாளையம் போன்ற ஊர்களில் நம் தாய்மார்கள் விரல் தேயப் பீடி சுற்றித்தான் குடும்பம் நடத்துகிறார்கள் என்பதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. அவர்களுக்கு வேறு பிழைப்பு வேண்டும் என்பது தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம். வளைகுடாவில் பழகிய ஷீஷா தண்ணீரில் கழுவப்பட்டு வருகிறது என்பதும் வெறும் நம்பிக்கையே. ஒருமணி நேர ஷீஷாவில் உள்ளே போகும் புகை, ஒரு சிகரெட்டின் புகையைவிடப் பன்மடங்கு. மின்சிகரெட்டோ இந்தியாவில் 2019 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டது.

மார்க்கத்தின் பார்வை என்ன என்று சகோதரி கேட்கவில்லை. ஆயினும் மாமி அவர்களுக்கு எடுத்துச் சொல்ல உதவும். புகையிலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு நாட்டில் இல்லாத பொருள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து புறப்பட்டு, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில்தான் முஸ்லிம் நாடுகளை அடைந்தது. ஆகவே உலமாக்கள் கருத்து வேறுபட்டார்கள். உதுமானியப் பேரரசின் நான்காம் சுல்தான் முராது 1633இல் புகைப்பவர்களுக்கு மரண தண்டனை என்று அறிவிக்க, டமாஸ்கஸின் பெரும் ஆலிம் அப்துல் ஙனீ நாபுலுசீ அதை ஆகுமானதென்று நூலே எழுதினார். அக்காலத்தில் அதன் கேடு இன்னதென்று யாரும் அறியார். கேடு நிரூபணமான பிறகு, தம்மைத் தாமே அழிவில் ஆழ்த்திக்கொள்வதைத் தடுக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனத்தை எடுத்துக்காட்டி, இது கூடாதென்று தீர்ப்பளித்த உலமாக்கள் பெருகினார்கள். ஆரோக்கியமானவர் விஷயத்தில் மக்ரூஹா ஹராமா என்று இன்னும் விவாதிப்போர் இருக்கலாம். ஒரு சிகரெட் இன்னொரு சாண் குடலைக் கேட்கும் என்று அறிந்த நோயாளியின் விஷயத்தில் விவாதிக்க என்ன இருக்கிறது? நம் கல்யாண வீடுகளில் வெற்றிலைத் தட்டோடு சிகரெட் தட்டையும் வைத்து மரியாதை செய்த காலம் ஒன்று இருந்தது. மாமி அந்தக் காலத்தில் வளர்ந்தவர். நிம்மதி என்று அவர் சொல்வதும் வெறும் பேச்சல்ல. நிக்கோட்டின் இறங்கும்போது உண்டாகும் பதற்றத்தை அடுத்த சிகரெட் தணிக்கிறது. பார்ப்பவருக்கு அது நிம்மதியாகத் தெரிகிறது. அந்தப் பதற்றத்தை உண்டாக்கியது முந்திய சிகரெட்டுதான்.

இனி, விடுவது எவ்வாறு என்று பார்ப்போம். வீட்டார் அனைவரும் அறிய ஒரு நாளைக் குறித்துக்கொள்வது நல்லது. இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும். 697 பேரை வைத்துச் செய்து 2016இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், சிறிது சிறிதாகக் குறைத்தவர்களில் நான்கு வாரம் தாக்குப்பிடித்தவர்கள் நூற்றுக்கு 39; குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49. நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. காலை எழுந்த அரைமணிக்குள் முதல் சிகரெட்டைத் தேடுபவருக்கு 4 மில்லிகிராமும் மற்றவர்க்கு 2 மில்லிகிராமும் பொருந்தும். சாதாரண சூயிங்கம் போல் அதை மெல்லக்கூடாது. காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும்; அரைமணி நேரம் இவ்வாறு. தேநீர், காப்பி குடித்துக் கால்மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். அவசரமாக மென்று விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலும் வரும். குடல் நோயாளி அதைத் தம் நோயென்று நினைத்துச் சூயிங்கத்தை எறிந்துவிடுவார். வயிறு ஒத்துழைக்காதவருக்குத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை மேலானது. நிக்கோட்டினைக் கொண்டே நிக்கோட்டினை விடுவதா என்று சிலர் கேட்பார்கள். குரோன் நோயாளியின் பகை புகையே. பட்டையையும் சூயிங்கத்தையும் மருத்துவர்கள் தயங்காமல் தருகிறார்கள். வரெனிக்லின், புப்ரோபியான் என்ற மாத்திரைகளும் உண்டு. முன்னதற்குக் குமட்டல் சகஜம். பின்னது வலிப்பு நோய் உள்ளவர்க்கு ஆகாது. இரண்டையும் குடல் நோய் மருத்துவரிடம் காட்டாமல் வாங்கக் கூடாது. சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண் மத்திய அரசின் இலவச ஆலோசனைத் தொலைபேசி, தயங்காமல் பேசலாம்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் கடினமானவை. இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெருமளவு தணிந்துவிடும். எரிச்சல், உறக்கமின்மை, கவனம் சிதறுதல் எல்லாம் வரும். ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்நேரத்தில் எழுந்து நடப்பதும், குளிர்ந்த நீர் அருந்துவதும், ஒளூச் செய்வதும்கூட உதவும். குடல் நோயாளிக்கே உரிய சில சிக்கல்கள் இருக்கின்றன. பொதுவான அறிவுரைகளில் இவற்றைக் காண முடியாது என்பதால் விரித்துச் சொல்கிறோம்.

காலையில் ஒரு சிகரெட் பிடித்தால்தான் வயிறு கழியும் என்பவர்கள் பலர். நிக்கோட்டின் குடலை அசைப்பது உண்மைதான். நிறுத்தியதும் சிலருக்குச் சில நாள் மலச்சிக்கல் ஏற்படும். அறுவை செய்தவருக்கு இது அடைப்போ என்ற அச்சத்தைத் தரும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம். புகையை விட்டவர்களில் சிலருக்கு வாய்ப்புண் வருவதுண்டு. குரோன் நோயிலும் வாய்ப்புண் வரும். எனவே நோய் சீறுகிறதோ என்று கலங்க வேண்டாம். இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டலாம். தலைவலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதை அறவே தவிர்க்க வேண்டும். அவை குரோன் நோயைக் கிளப்பக்கூடியவை. பாராசிட்டமால் போதும். தேநீர் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. புகைப்பவர் உடல் தேநீர், காப்பியிலுள்ள கஃபீனை விரைவாகக் கரைத்துவிடும். புகையை நிறுத்தியதும் அந்த விரைவு குறைகிறது; அதே நான்கு குவளை தேநீர் இப்போது எட்டுக் குவளையின் வேலையைச் செய்து, படபடப்பையும் உறக்கமின்மையையும் உண்டாக்கும். எனவே தேநீரைப் பாதியாகக் குறைக்க வேண்டும். தேநீர்க்கடையை ஒரு மாதம் மறந்திருப்பது இருவகையில் நல்லது. ஒற்றைச் சிகரெட் கைக்கு வருவது பெரும்பாலும் அங்கேதான். புகையை விட்டால் உடல் பருக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. எலும்பும் தோலுமாய் இருக்கும் குரோன் நோயாளிக்கு இது அல்லாஹ்வின் அருள் என்றே கொள்ளலாம். பிள்ளைக்கு ஊட்ட வேண்டும் என்ற மாமியின் ஆசையும் நிறைவேறும். குழைந்த சோறு, மீன், முட்டை என்று வயிறு ஏற்பதைச் சிறுகச் சிறுகக் கொடுக்கட்டும். குடல் சுருக்கம் உள்ளவரானால் நார் மிகுந்த கீரைத்தண்டு, பலாச்சுளை, முழுக்கடலை முதலியவற்றை மருத்துவர் அனுமதிக்கும் வரை தள்ளி வைக்க வேண்டும். சிறுகுடலின் கடைப்பகுதி போனவருக்கு வைட்டமின் பி12 உணவிலிருந்து சேராது. ஊசியாகப் போட வேண்டியிருக்கும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள்.

நோன்பைப் பற்றிய ஐயத்துக்கு இரு பக்கம் உண்டு. நோய் அடங்கியிருக்கிறதா, சீறியிருக்கிறதா, குடல் சுருக்கம் உண்டா, மாத்திரைகளைச் சஹரிலும் இஃப்தாரிலும் மாற்றிக்கொள்ள முடியுமா என்பதைப் பொறுத்தே நோன்பு வைக்கலாமா என்று மருத்துவர் சொல்ல முடியும். பேதியும் காய்ச்சலும் இருக்கும்போது வறண்டு கிடப்பது ஆபத்து. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. குணமாகும் நம்பிக்கை இருப்பின் களாவும், இல்லையெனின் ஃபித்யாவும் உண்டு. அதை ஏற்பது ஈமானின் குறைவன்று. மற்றொரு பக்கம், நோன்பு வைத்துப் பழகிய புகைப்பவர் எவரும் பகல் முழுதும் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு சிகரெட்டும் தொடாமல் இருந்து காட்டியவரே. "என்னால் இரண்டு மணி நேரம் இருக்க முடியாது" என்ற பேச்சு ரமலானில் மட்டும் எங்கே போய்விடுகிறது? கஞ்சியைப் பாதி குடித்துவிட்டுப் பள்ளிவாசல் சுவரோரம் ஒதுங்குவோரை ஒவ்வோர் ஊரிலும் பார்க்கிறோம். அந்த முதல் சிகரெட்டைத் தவிர்த்தால் அடுத்த சஹர் வரை பாதித் தொலைவு கடந்தாயிற்று. பூண்டும் வெங்காயமும் தின்ற வாயோடு பள்ளிக்கு வருவதையே நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பாதிருக்க, தராவீஹ் அணியில் பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிப்பதையும் நினைத்துப் பார்க்கலாம். நோன்பு நேரத்தில் நிக்கோட்டின் சூயிங்கம் ஆகாது. பட்டையைப் பொறுத்தவரை, தோல் வழியே உறிஞ்சப்படும் மருந்துப் பட்டைகள் நோன்பை முறிப்பதில்லை என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்திருக்கிறது. உங்கள் ஊர் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேதியால் ஒளூ நிற்பதில்லை, அதனால் தொழுகையையே விட்டுவிட்டார் என்று எழுதியிருப்பது மனத்தை வருத்துகிறது. அடிக்கடி போகிறவர், ஓய்ந்த நேரத்தில் ஒளூச் செய்து தொழுதுகொள்ளலாம். அடக்க முடியாமல் தொடர்ந்து கசிகின்ற நிலையில் உள்ளவருக்கு ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் தனிச் சட்டம் இருக்கிறது: தொழுகை வக்து நுழைந்தபின் தூய்மை செய்து ஒளூச் செய்து தொழுதுகொள்ள வேண்டும், இடையில் கசிந்தாலும் தொழுகை கூடும். இரண்டுக்கும் நுணுக்கத்தில் வேறுபாடு உண்டாகையால் உங்கள் மத்ஹபு ஆலிமை அணுகுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, இவ்வகைக் கேள்விகளை ஆலிம்கள் தினந்தோறும் கேட்கிறார்கள்.

சகோதரி செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சட்டைப்பையைச் சோதிப்பதும், வாயை முகர்வதும், பிள்ளைகள் முன்னால் குத்திக்காட்டுவதும் வேண்டாம். இவற்றால் புகையை விட்டவரைவிடப் புகையை மறைக்கக் கற்றுக்கொண்டவரே அதிகம். சாம்பல் கிண்ணங்களை அகற்றிவிடுங்கள். வீட்டுக்குள் எவரும், விருந்தாளியாயினும் மச்சானாயினும், புகைக்கலாகாது என்பதை மாமியின் வாயால் சொல்ல வையுங்கள். அவர் சொன்னால்தான் எடுபடும். ஒருநாள் தவறி ஒன்றைப் பிடித்துவிட்டால் "எல்லாம் போயிற்று" என்று நீங்களே தீர்ப்பெழுதிவிடாதீர்கள். மறுநாளும் விட்ட நாளே. கூடவே, புகையை விட்டாயிற்று என்று மருந்தை நிறுத்தும் தவறு நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயிறு உப்பி, வாந்தி எடுத்து, வாயுவும் மலமும் பிரியாமல் நின்றால் அது சிகரெட்டை விட்டதால் வந்த மலச்சிக்கலன்று, அடைப்பாக இருக்கலாம். காய்ச்சலோடு கூடிய வலி, மலத்தில் இரத்தம், ஆசனவாயருகே வீங்கிச் சீழ் கட்டுதல் ஆகியவையும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

சபர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அறுவைக்குப் பின் குடலை உள்நோக்கிப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி சோதனையை ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் செய்வது வழக்கம். உங்கள் கணவருக்கு அது நடந்ததாகக் கடிதத்தில் இல்லை. இப்போது வலியும் இருப்பதால் அதை முதலில் முடித்துக்கொண்டு, முடிவைப் பார்த்த பிறகு விசாவைப் பற்றிப் பேசலாம். போவதாயின் மருந்துகளின் பெயர், அளவு, செய்த அறுவை ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவரின் கடிதமும், மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்க வேண்டும். தங்கும் அறையில் ஆறு பேரில் நால்வர் புகைப்பவராக இருந்தால் ஒரு வாரத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். புகைக்காதவர்களின் அறையைக் கேட்டுப் பெற முடியுமா என்று இங்கிருந்தே விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.